லீவை இப்போது எடுக்காதே, தம்பி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

அப்பா, அக்கா, அக்கா பிள்ளைகள் எல்லோரும் சுகம். என் நாக்கில் புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்த இடத்தில் தையல் ஆறிவிட்டது. ஆனால் ர, ட, ழ மூன்றும் இன்னும் வாயில் சரியாக வரவில்லை. போனில் நான் சொல்வது பாதி உனக்குப் புரியாமல், புரிந்த மாதிரி "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. நீ பயப்படுவாய் என்று அக்கா பாதியை மறைத்துச் சொல்லியிருக்கிறாள். மறைக்க வேண்டாம். என் உடம்பு விஷயம், நானே சொல்வதுதான் முறை. வெட்டி எடுத்த இடத்தின் ஓரங்களில் நோய் இல்லை. இது நல்ல செய்தி. கட்டி ஆறு மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது. கழுத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றே ஒன்றில் நோய் இருக்கிறது, ஆனால் அதன் உறையைத் தாண்டி வெளியே வரவில்லை. அதனால் கீமோ தேவையில்லை, கதிர்வீச்சு மட்டும் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு பண்ணியிருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம், மொத்தம் 30 தடவை. மதுரை பாலரெங்கபுரம் அரசு மருத்துவமனையில். செலவைப் பற்றி நீ யாரிடமும் கடன் கேட்காதே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை அதில் பார்க்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள், ஒன்றும் தட்டுப்படவில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. "அப்புறம் எதுக்கு சார் கழுத்தையும் கிழிக்கணும்?" என்று கேட்டேன். அந்த டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். மும்பை டாடா மருத்துவமனையில் என்னை மாதிரியே கழுத்தில் எதுவும் தெரியாத வாய்ப் புற்றுநோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்களாம். ஒரு பிரிவுக்கு வாய் ஆபரேஷனோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் கழுத்தில் ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். ஐந்நூறு பேரின் கணக்கு 2015-இல் வெளியானது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், முதலிலேயே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். சரி, எடுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். கையும் படவில்லை, ஸ்கேனும் காட்டவில்லை, கடைசியில் அந்த ஒரு நெறிக்கட்டியை மைக்ராஸ்கோப்தான் கண்டுபிடித்தது.

இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். என் கழுத்தில் நோய் இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது. தெரியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தெரியாத நிலையில் எது நல்லதோ அதைச் செய்தார். அவ்வளவு படித்தவர்களே அப்படித்தான் நடக்கிறார்கள் என்று பார்த்த பிறகு எனக்கு ஒரு தைரியம் வந்தது. நீ நெட்டில் பார்த்து அக்காவுக்கு அனுப்புகிற சதவீதங்களை அவள் எனக்கும் காட்டினாள். எல்லாம் கூட்டத்தின் கணக்கு. அந்த 80-இல் நான் இருக்கலாம், மீதி 20-இலும் இருக்கலாம். எதில் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்காது ராசா. விடிய விடியத் தேடாதே. உன் வேலை உயரத்தில் ஏறிச் செய்கிற வேலை. தூங்காத கண்ணோடு ஏறாதே.

சத்துணவு மையத்தில் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் தேதி உள்ளவை. கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறுவது கஷ்டமாம், அதனால் கெட்ட பற்களை முன்கூட்டியே எடுக்க வேண்டும், அதற்கு ஒரு தேதி. முகத்துக்கு வலை மாதிரி பிளாஸ்டிக் மாஸ்க் அளவெடுக்க ஒரு தேதி. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும், அது சிவப்பு மையில். வலது பக்கம் தேதி இல்லாதவை. திரும்ப வருமா? பேச்சு பழையபடி தெளியுமா? மீன் குழம்பு ருசி மறுபடி தெரியுமா? உன் வீட்டுப் பால் காய்ப்புக்கு நான் இருப்பேனா?

பகலெல்லாம் இடது பக்கம்தான் பார்க்கிறேன். ராத்திரியானால் வலது பக்கம் கூப்பிடாமலே வருகிறது. எனக்குப் பயமே இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். இருக்கிறது. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும்போது அப்பாவை எழுப்புவேன். அவர் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதில்லை. லைட்டைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, கூடவே உட்கார்ந்திருப்பார். பயாப்சி எடுத்த நாளிலிருந்து "ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு என் பயத்தை அவர்களிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது. நீ அப்படிச் சொல்லாதே. "பயமா இருக்காம்மா?" என்று கேள், போதும்.

கதிர்வீச்சைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு மூலிகை வைத்தியரிடம் போகச் சொல்லி ஊரிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன், அவள் என்னை ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வெற்றிலையாலா வந்தது என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் அதுதான் என்கிறார் டாக்டர். புகையிலை சேர்க்காவிட்டாலும் வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 2004-லேயே அறிவித்துவிட்டதாம். நம் பக்கத்தில் விருந்தென்றால் தட்டில் அதுதானே முதலில் வரும். உன் அறையில் இருக்கிற பையன்கள் உதட்டுக்குள் புகையிலை வைக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு. கண்ணாடி முன்னால் நின்று, நாக்கைத் தூக்கி, கன்னத்தை விலக்கிப் பார்க்கச் சொல். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, வாய் முன்பு போல அகலத் திறக்காமல் போவது, எதுவாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். எனக்கு வலியே இல்லை, ஒரு சின்னப் புண்தான். அவர்கள் வலிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டு வேலையை நிறுத்தச் சொல்லிக் கொத்தனாருக்குப் போன் போட்டாயாமே. ஏன்? லிண்டல் மட்டத்தில் நிற்கிற சுவர் மழையில் நனைகிறது. இந்த நோய் திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்தான் என்கிறார்கள். முதல் வருடம் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை காட்ட வேண்டும், பிறகு இடைவெளி கூடும், அப்படியே ஐந்து வருடம். அத்தனை வருடமும் சுவர் அப்படியே நிற்குமா? தளம் போடு. நான் இருந்தால் பாலைக் காய்ச்சுவேன். இல்லாவிட்டால் அக்கா காய்ச்சட்டும். வீடு எழும்புவதை அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார், அது எனக்கு வேண்டும்.

இப்போது லீவு விஷயம். உடனே கிளம்பி வருகிறேன் என்கிறாய். வராதே. இப்போது அக்கா இருக்கிறாள், நான் நடக்கிறேன், கஞ்சி குடிக்கிறேன். உனக்கு இருப்பது 30 நாள் லீவு. கதிர்வீச்சில் முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாதாம். மூன்றாவது வாரம் வாய் புண்ணாகத் தொடங்கும், எச்சில் பசை மாதிரி கெட்டியாகும், ருசி போய்விடும். கடைசி இரண்டு வாரமும், எல்லாம் முடிந்த பிறகு வருகிற இரண்டு வாரமும்தான் ரொம்பக் கடினம் என்று அங்கே சிகிச்சை முடித்த ஒரு அம்மா சொன்னார். முடிந்ததே என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போய்விடுவார்கள், புண் மட்டும் ஆறாமல் இருக்குமாம். உன் 30 நாளும் அந்த நான்கு வாரத்துக்குச் சரியாக இருக்கும்.

வந்தால் உனக்கு நிறைய வேலை இருக்கிறது. உப்பும் ஆப்பச் சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும், நான் சலித்துக்கொள்வேன், நீ விடாதே. பருப்புக் கஞ்சி, முட்டை, ராகிக் கூழ் எல்லாம் காரமில்லாமல், ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. வாரம் ஒரு தடவை எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ரொம்பக் குறைந்தால் மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுப்பார்கள், அதைப் பார்த்து நீ அழக்கூடாது. வாய் இறுகிப்போகாமல் இருக்கப் பல்லிடுக்கில் ஐஸ் குச்சிகளை அடுக்கித் திறக்கிற பயிற்சி இருக்கிறது, பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. அதையெல்லாம் என்னோடு உட்கார்ந்து நீயும் செய்.

கதிர்வீச்சு தொடங்கும் தேதி உறுதியானதும் அக்கா உனக்குச் சொல்வாள். அதிலிருந்து நான்கு வாரம் தள்ளி லீவு எழுதிக் கொடு. திருச்சிக்கு டிக்கெட் போட்டால் போதும், அங்கிருந்து மதுரைக்குப் பஸ் இருக்கிறது. சென்ட், சாக்லேட் என்று காசைச் செலவழிக்காதே. உன் கம்பெனியில் என்ன பதில் சொன்னார்கள் என்று மட்டும் இந்த வாரத்துக்குள் தெரியப்படுத்து.

அன்புடன்,
அம்மா