கார்டன் பிரவுனுக்கு: அந்த 223 பவுண்டு பற்றி

மதிப்பிற்குரிய கார்டன் பிரவுன் அவர்களுக்கு,

வணக்கம். 16 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தீர்கள். ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சியின் வரலாற்றை ஆராய்ந்து 1982இல் முனைவர் ஆனீர்கள். கிளாஸ்கோவில் பாடம் நடத்தினீர்கள். அப்படி ஒருவர் பிரிட்டனின் நிதியமைச்சரானால் கணக்கைத் திறந்து காட்டுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஒரு முறை காட்டினீர்கள், ஒரு முறை காட்டவில்லை.

காட்டியது 1997இல். மே 1 தேர்தல். மே 6 அன்றே வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியிடம் ஒப்படைத்தீர்கள். விலைவாசி உயர்வுக்கான இலக்கு உங்களுடையது, வட்டி முடிவு வங்கியின் ஒன்பது பேர் குழுவுடையது. விலைவாசி உயர்வு இலக்கைவிட ஒரு புள்ளிக்கு மேல் விலகினால், ஏன் தவறியது, எப்போது சரியாகும் என்று வங்கி ஆளுநர் நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டும். அந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான். முதல் கடிதம் வரப் பத்து ஆண்டு ஆயிற்று: 2007 ஏப்ரல், இலக்கு 2 சதவீதம், விலைவாசி உயர்வு 3.1. எழுதியவர் அப்போதைய ஆளுநர் மெர்வின் கிங். பெற்றுக்கொண்டவர் நீங்கள்.

அதற்கு முந்தைய மாதம்தான் உங்கள் கடைசி பட்ஜெட். 1999இல் நீங்களே கொண்டுவந்த 10 சதவீதத் தொடக்க வரியை எடுத்துவிட்டு, 22 சதவீத அடிப்படை வரியை 20 ஆக்கினீர்கள். வரிக்குறைப்பு உரைக்கு முத்தாய்ப்பாக வந்தது. தொடக்க வரி நீக்கம் நடுவில் ஒரு வாக்கியத்தோடு போய்விட்டது.

2007-08 அளவுகளில் ஆண்டு வருமானத்தின் முதல் 5,225 பவுண்டுக்கு வரி இல்லை. அடுத்த 2,230 பவுண்டுக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 22. அந்த 10 என்பது 20 ஆனதும் நடுத்துண்டில் மட்டும் 223 பவுண்டு கூடுதல் வரி. அதற்கு மேல் பவுண்டுக்கு 2 பென்ஸ்தான் மிச்சம். 223ஐ ஈடுகட்ட இன்னும் 11,150 பவுண்டு சம்பாதித்தாக வேண்டும். ஆக, வருமானம் 18,605ஐத் தாண்டினால்தான் லாபம். 10,000 வாங்குபவருக்கு 172 பவுண்டு நஷ்டம், 30,000 வாங்குபவருக்கு 228 லாபம்.

குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் டாக்ஸ் கிரெடிட் என்ற உதவித்தொகை இதைச் சரிக்கட்டும் என்று கணித்தீர்கள். குழந்தையுள்ள ஏழைக் குடும்பங்கள்மீது உங்களுக்கு இருந்த அக்கறை உண்மையானது. அவர்களில் பலருக்குச் சரிக்கட்டவும் செய்தது. ஆனால் குழந்தையில்லாத, 25 வயதாகாத தொழிலாளிக்குப் பொதுவாக அந்தத் தொகை கிடையாது. 65ஐத் தாண்டியவர்களுக்கு வரிவிலக்கு வரம்பை உயர்த்தினீர்கள். 60இல் ஓய்வு பெற்ற பெண்களுக்கு அது எட்டவில்லை.

2008 ஏப்ரலில் மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது நீங்கள் பிரதமர். சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களின் கோபம் உங்கள் கட்சி எம்.பி.க்களிடமே வெடித்தது. மே மாதம் உங்கள் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் வரிவிலக்கு வரம்பை 600 பவுண்டு உயர்த்தினார். செலவு 2.7 பில்லியன் பவுண்டு, அதுவும் கடன் வாங்கி. ஆளுக்குக் கிடைத்தது 120. மேலே சொன்ன 172 பவுண்டுக்காரருக்கு அப்போதும் 52 பாக்கி.

இன்றும் குழந்தை வறுமை பற்றிப் பேசுகிறீர்கள், கட்சியும் காதுகொடுக்கிறது. வங்கிக்கு வைத்த கடித விதியைக் கருவூலத்துக்கும் கேளுங்கள்: எந்த வயது, எந்த வருமானம், எந்தக் குடும்பநிலையில் இருப்பவர் எவ்வளவு இழப்பார் என்று பட்ஜெட் அன்றே ஒரு பக்க அறிக்கை. சராசரி அட்டவணை போதாது. சராசரியில் 62 வயதுப் பெண்ணும் 23 வயதுத் தொழிலாளியும் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்