குளிப்பாட்டிய கையோடு கூட்டிவராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டுடியோக்களில் வீட்டு நாயோடும் பூனையோடும் படம் எடுக்கக் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். ஓணத்துக்கும் அப்படித்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறையில் வந்து திரும்புவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. அந்த அவசரத்தில் நாயைக் காலையில் குளிப்பாட்டி, வயிறு நிறையச் சோறு போட்டு, உச்சி வெயிலில் காரில் ஏற்றிக் கடற்கரையில் கொண்டு இறக்குகிறார்கள். அந்த நாய் மூச்சு வாங்கும், நடுங்கும், காரடியில் போய் ஒளியும். பழியெல்லாம் நாய் மேலேயும் போட்டோகிராபர் மேலேயும் விழும். பத்து நாளுக்கு முன்பே வீட்டில் தொடங்க வேண்டிய வேலை இது. அதை விரிவாகச் சொல்ல உங்கள் பக்கத்தில் இடம் தர வேண்டுகிறேன்.

முடி வெட்டுவதானால் ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். ஷிட்ஸு, பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு வெட்டிய மறுநாள் கத்திரி போன தடம் அப்படியே தெரியும். ஒரு வாரம் போனால் முடி தானாக இணங்கி விழும். நகம் வெட்டுவது நாலு நாளுக்கு முன். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் அதிகமாக வெட்டுப்பட்டால் ரத்தம் வரும், இரண்டு நாள் காலைத் தூக்கித் தூக்கி நடக்கும். முந்தின நாள் வெட்டி அப்படி ஆனால் படப்பிடிப்பைத் தள்ளிப்போடுவதைத் தவிர வழியில்லை.

குளியல்தான் பலரும் தவறும் இடம். நீள முடி நாய்க்கு இரண்டு நாளுக்கு முன்பும், குட்டை முடி நாய்க்கு முந்தின நாள் காலையிலும் குளிப்பாட்டுவது சரி. அன்றைக்கே குளிப்பாட்டினால் முடி பஞ்சுபோல் எழும்பி நிற்கும், உடம்பின் வடிவமே தெரியாது. அதைவிட மோசமானது உள்முடியில் தங்கும் ஈரம். நம் மாவட்டத்துக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். தோர்த்தால் துவட்டிவிட்டு அப்படியே விட்டால் வயிற்றடியும் காது மடலும் மணிக்கணக்கில் காயாது. அங்கே அரிப்பு வந்து நாய் நக்கி நக்கி, ஒரே இரவில் தோல் சிவந்து முடி கொட்டிவிடும். காற்றாடிக்கு அடியில் நிறுத்தி, சீப்பால் முடியைப் பிரித்துப் பிரித்து அடிவரை காய வைக்க வேண்டும். படம் எடுக்கும் அன்று சீவிவிட்டாலே போதும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். பளபளப்புக்கு என்று தடவிவிட்டால் முடி திரித்திரியாக ஒட்டிக்கொள்ளும், மணல் முழுக்க அதில் ஒட்டும், வெளிச்சம் படும் இடமெல்லாம் வெள்ளைத் திட்டாகப் படத்தில் வரும். மனிதருக்குப் போடும் பவுடரும் வேண்டாம். அது மூக்கு வழியே நுரையீரலுக்குப் போகும். கண் பீளையைக் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால், மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. உண்ணிக்குக் கட்டும் சாம்பல் நிறப் பட்டையையும் வழக்கமான கழுத்துப் பட்டையையும் வீட்டிலேயே, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கழற்றிவிட்டு, மெல்லிய பட்டை ஒன்றை இறுக்கமில்லாமல் போட்டுக் கூட்டி வாருங்கள். கழுத்தில் அமுங்கிய முடி எழும்ப அவ்வளவு நேரம் ஆகும்.

உணவு விஷயம். படப்பிடிப்புக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு வழக்கத்தில் பாதி கொடுத்தால் போதும். வயிறு நிறைந்த நாய்க்குத் தீனி காட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காரில் வாந்தியும் எடுக்கும். தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. தீனிக்கு உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி ஐம்பது அறுபது துண்டு கொண்டுவரலாம். பெரிய துண்டாக இருந்தால் நாய் மென்றுகொண்டே இருக்கும், வாய் கோணிய படங்கள்தான் மிஞ்சும். பூனைக்கு வேகவைத்து முள் எடுத்த மீன். பூனைக்குக் கருவாடு பிடிக்கும் என்று எடுத்து வருகிறார்கள். அதில் உப்பு மிகுதி, தவிர்ப்பது நல்லது. நேந்திரங்காய் சிப்ஸும் அப்படியே. திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்ந்த எதுவும் நாய்க்கு விஷம். கிறிஸ்துமஸ் கேக்கில் உலர்ந்த திராட்சை இருக்கும் என்பதை வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி நேரமும் இடமும். டிசம்பர் கடைசியில் நம் ஊரில் சூரியன் காலை ஆறரை வாக்கில் உதித்து மாலை ஆறு பத்து வாக்கில் மறைகிறது. காலை ஏழு முதல் எட்டரை, மாலை நாலே முக்கால் முதல் ஆறு, இந்த இரண்டு நேரம் தவிர வேறு நேரத்தில் நாயை வெளியே நிறுத்திப் படம் எடுக்க ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் ஸ்டுடியோக்காரர்கள் மறுக்க வேண்டும். புறங்கையை மணலிலோ தார்ச்சாலையிலோ ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் முடியாது. நாய்க்குப் பாதத்தில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். உடம்புச் சூடு இறங்குவது பெரும்பாலும் மூச்சு வாங்குவதால்தான். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் குறுகலானது. நாக்கு அகன்று நீண்டு தொங்குகிறது, எச்சில் கெட்டியாக வழிகிறது, ஈறு செங்கல் நிறமாகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் கேமராவை மூடி வைத்துவிட்டு நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி மூடாதீர்கள். சூடு உள்ளேயே நின்றுவிடும்.

சங்குத்துறை, சொத்தவிளை, முட்டம் கடற்கரைகள் தென்மேற்கு பார்த்தவை. டிசம்பரில் சூரியனும் தென்மேற்காகச் சாய்ந்து கடலுக்குள் இறங்குவதால் மாலை ஒளி நேராகக் கிடைக்கும். ஆனி, ஆடியில் அப்படியில்லை. சூரியன் வடமேற்கே போய்விடும், அலையும் பெரியது, காற்று முடியை முகத்தில் வாரி அடிக்கும். அப்போது எடுத்தே ஆக வேண்டும் என்றால் நாயின் முகம் காற்றை நோக்கி இருக்கட்டும், முடி பின்னால் படியும். விடுமுறை நாள் மாலையில் கூட்டமும் ஐஸ் வண்டியும் தெருநாய்களும் சேர்ந்துவிடும்; வேலை நாள் காலை எவ்வளவோ மேல். நாயை இறக்குமுன் ஐம்பதடி சுற்றளவுக்கு நடந்து பாருங்கள். அறுந்த நைலான் வலை, தூண்டில் முள், உடைந்த பாட்டில் மூன்றும் நம் கடப்புறத்தில் சாதாரணம். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும். அதனால் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு கிண்ணமும் கையோடு இருக்க வேண்டும்.

கடலே வேண்டும் என்பதில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெயிலேறிய பிறகும் நிழல் உண்டு. ஆனால் இலை வழியே விழும் பொட்டுப் பொட்டு வெயில் நாயின் முகத்தில் வெள்ளைத் திட்டு போடும். இலைப் பச்சை வெள்ளை முடியில் ஏறும். இலை உதிரும் டிசம்பர், ஜனவரியில் நிழலே மெலிந்துவிடும். முட்டத்துச் செம்மண் மேட்டில் வெள்ளை ராஜபாளையம் நாயை நிறுத்தினால் வயிற்றடி முழுக்க ஆரஞ்சாக வரும். அறுவடை முடிந்த வயலில் தாள் குத்தும், பாதத்தையும் கண்ணையும். சுசீந்திரம், தேரூர் குளக்கரைகளுக்கு நாயோடு போகவே வேண்டாம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. வலசை வந்து இரை தேடும் பறவைகளை ஒரு நாய் ஓடினால் போதும், மொத்தமாகக் கிளப்பிவிடும்.

இடத்துக்கு வந்ததும் முதல் இருபது முப்பது நிமிடம் கேமராவை எடுக்காதீர்கள். நாய் மோந்து பார்க்கட்டும், ஒன்றுக்குப் போகட்டும். கேமராவுக்கும் அந்த நேரம் தேவைதான். ஏசி காரிலிருந்து கடற்காற்றுக்கு வந்த லென்ஸில் உடனே நீர் பூக்கும். பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் வைத்தால் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். துணியால் துடைத்தால் திரும்பத் திரும்பப் பூக்கும். அதோடு காற்றில் வந்து படிந்த உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

நாயைக் கூப்பிடுவது ஒரே ஆளாக இருக்கட்டும். அம்மா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பேரைச் சொல்லிக் கத்தினால் நாயின் பார்வை எங்கும் நிலைக்காது. ஐந்து நிமிடத்தில் தன் பேருக்கே காது கொடுக்காமல் போய்விடும். நாய்க்குப் பழகிய ஒருவர் போட்டோகிராபரின் தோளுக்குப் பின்னால் குனிந்து, தீனியை லென்ஸுக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். கீச்சென்று சத்தமிடும் பொம்மையை முதலிலேயே அமுக்கித் தீர்த்துவிடாதீர்கள். காது நிமிர்வது முதல் மூன்று நாலு தடவைதான். நாக்கைச் சொடுக்குவது, காகிதத்தைக் கசக்குவது என்று சிறிய சத்தத்தில் தொடங்கி, பொம்மையைக் கடைசிக்கு வையுங்கள். ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் அடம் என்று நினைத்துவிடாமல் கையசைவு காட்டிப் பாருங்கள். கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். மெல்லிய கயிற்றை முகத்தின் குறுக்கே வராமல் மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு, எடுத்து முடித்ததும் கேமராவை அசைக்காமல் நாய் இல்லாத வெறும் இடத்தையும் ஒரு படம் எடுத்து வைத்தால், பிறகு கணினியில் கயிற்றை அழிப்பது பத்து நிமிட வேலை.

தொழில் செய்யும் தம்பிமார்களுக்கும் சில. ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் நாய்க்கு 1/500 விநாடி, ஓடும் நாய்க்கு 1/1600க்குக் குறையக் கூடாது. லென்ஸின் துளையை எஃப் 1.8 என்று அகலத் திறந்து எடுத்தால் கண் துல்லியமாகவும் நீண்ட மூக்கு மங்கலாகவும் வரும். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் மாதிரி நீள முகத்துக்குத் துளையைச் சுருக்கி எஃப் 4 அல்லது 5.6 வையுங்கள். கறுப்பு நாய் பிரேம் நிறைய நின்றால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், ஒளி அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டாப் குறையுங்கள்; வெள்ளைக்கு அதேபோல் கூட்டுங்கள். ‘நாயின் கண் மட்டத்துக்கு இறங்கு’ என்று எல்லோரும் சொல்வார்கள். கடற்கரையில் அதை அப்படியே செய்தால் தொடுவானக் கோடு நாயின் தலையை இரண்டாக வெட்டும், ஏனென்றால் தொடுவானம் எப்போதும் கேமரா இருக்கும் உயரத்தில்தான் தெரியும். இன்னும் இறங்கி நெஞ்சு மட்டத்துக்குப் போங்கள், கோடு தலைக்குக் கீழே போய்விடும். எதிர்வெயிலில் முகம் இருண்டால், படபடவென்று அடித்து நாயை மிரட்டும் வெள்ளித்தாள் ரிஃப்ளெக்டருக்குப் பதில் வெள்ளைத் தெர்மோகோல் பலகை பிடிக்கலாம். வீட்டுக்குள் ஃப்ளாஷை நேராக அடித்தால் விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்பி, கண் பச்சையாக எரிவதுபோல் வரும். கூரையில் பட்டுத் திரும்பும்படி அடிக்க வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் எந்த நாயையும் வைத்திருக்காதீர்கள். கொட்டாவி, உதடு நக்கல், வாலை இடுக்கிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஒரு பக்கமாகப் பார்ப்பது எல்லாம் ‘போதும்’ என்று அது சொல்வதுதான்.

பூனையை ஸ்டுடியோவுக்கோ கடற்கரைக்கோ கொண்டுவரவே வேண்டாம். அதன் வீட்டிலேயே, வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில், அது வழக்கமாகப் படுக்கும் துணி மேல் எடுப்பதுதான் முறை. போட்டோகிராபர் போய் அரை மணி நேரம் சும்மா தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பூனையே வந்து பையை மோந்த பிறகு எடுத்தால் போதும்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். நாய் அடங்கி இருக்க மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவது நடக்கிறது. மருத்துவர் பார்த்து எழுதாத மருந்து உயிருக்கே ஆபத்து. படத்துக்கும் அதனால் பயனில்லை: இமை சரிந்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிறிய சவ்வு மேலேறி நிற்கும். மயக்கத்தில் இருக்கும் நாயை எடுக்க மாட்டோம் என்று ஸ்டுடியோக்கள் முன்பணம் வாங்கும்போதே சொல்ல வேண்டும். கூண்டுப் பச்சைக்கிளியைக் கொண்டுவந்தாலும் மறுக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். வெறிநாய்க்கடி தடுப்பூசி அட்டையைப் பார்த்த பிறகே நாள் குறியுங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடற்கரையில் எடுத்து முடித்தால் வீட்டுக்குப் போனதும் நாயின் கால், வயிறு, வாலடியை நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கில் சிக்கிய மணலை எடுத்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். வயிறு நிறையத் தண்ணீர் வைத்து, அரை மணி நேரம் போனபிறகு மீதிப் பாதிச் சோற்றைப் போடலாம்.

இப்படிக்கு,
செல்லப்பிராணிப் படப்பிடிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.