ஆலஞ்செடி பிடுங்கும் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சுவரில் பறவை எச்சமிட்ட இடத்தில் ஆலஞ்செடி முளைக்கும். முளைத்த ஆண்டே பிடுங்கினால் வேரோடு கையில் வந்துவிடும். நான்கைந்து மழைக்காலம் விட்டுவிட்டால் வேர் காரைக்குள் இறங்கிச் செங்கலைப் பிளந்து தண்ணீருக்கு வழி செய்துவிடும். பிறகு அந்தச் சுவரைக் காப்பாற்ற லட்சங்கள் வேண்டும். கட்டடப் பராமரிப்பு வேலையிலேயே முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். வரலாற்றுச் சின்னங்களுக்கு எத்தனை கோடி என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் வாதிடும்போதெல்லாம் எனக்கு இந்தச் செடிதான் நினைவுக்கு வருகிறது. அதைப் பிடுங்கும் கூலியைப் பற்றி எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியைப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் எழுந்த மேரி (நகராட்சி மன்றம்) கட்டடம் பலவீனமாகிவிட்டது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் சுமார் 15 கோடி ரூபாய் செலவிட்டு அதே இடத்தில், அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, நானும் போய்ப் பார்த்தேன். ஆனால் அது 2021-இன் கட்டடம். பழைய கொத்தனார்களின் கை அதில் இல்லை.

கடலூரில் நாங்கள் இழப்பதற்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் வாங்கியவருக்கு என்பது ஒப்பந்தம். அப்படிக் கைமாறியவைதான் குண்டு கிராமங்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபோது கம்பெனியின் தலைமையிடமே இங்கே வந்து, 1752 வரை இங்கிருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார். எஞ்சிய சுவர்கள் கெடிலக் கரையில் கிடக்கின்றன. கோட்டைக்கு வழி கேட்டால் சில்வர் பீச்சுக்குக் கை காட்டுகிறார்கள்.

வெள்ளைக்காரன் கோட்டைக்கு நம் வரிப்பணம் எதற்கு என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அந்தச் செங்கலைச் சுட்டவர் யார்? சுண்ணாம்பை அரைத்தவர், கப்பலுக்குத் துணி நெய்து கொடுத்தவர், அலையில் படகு தள்ளிச் சரக்கு ஏற்றியவர் யார்? எல்லாரும் இந்த மண்ணின் மக்கள். அவர்களுக்குச் சிலையும் இல்லை, சாதனை சொல்லும் கல்வெட்டும் இல்லை. அவர்கள் கைபட்ட சுவர்தான் மிச்சம். 1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைக் கைதுசெய்து அடைத்ததும் கடலூர்ச் சிறையில்தான். 1927-இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்துக்குப் போய்ச் சிறை சென்ற அஞ்சலையம்மாள் எங்கள் முதுநகரில் பிறந்தவர். 2024-இல் விக்கிரவாண்டியில் நடந்த தமிழக வெற்றிக் கழக மாநாட்டில் அவருடைய கட்அவுட்டைப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அவர் நடந்த முதுநகரின் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருவதைப் பற்றியும் அரசியல் கட்சிகள் பேச வேண்டும் என்று அன்றே தோன்றியது.

கீழடியில் 18 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டு 2023-இல் அருங்காட்சியகம் திறந்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எங்கள் மாவட்டத்து மருங்கூரிலும் 2024-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. குழிகளை மூடிய பிறகு அந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வது, எந்தப் பணத்தில் என்பதுதான் என் கவலை. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க மாநிலத்தில் 2012-இலேயே சட்டம் இயற்றினார்கள். அதன்படி ஆணையம் அமைவதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆனது. அதற்குள் எத்தனை ஆலஞ்செடிகள் மரமாகியிருக்கும்!

பணம் ஒதுக்கினாலும் அதைச் செலவிடும் முறை தெரிய வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது பெரிய கேடு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும். கடலோர ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். குறைந்த விலைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவருக்கு வேலையைக் கொடுத்து, அவர் கண்ணுக்குப் பளிச்சென்று சிமெண்ட் பூசிவிட்டுப் போன கட்டடங்கள் அடுத்த சில ஆண்டுகளில் அழுகியதை நான் பார்த்திருக்கிறேன். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் இளைஞர்களைப் பழக்க அரசு உதவித்தொகை கொடுத்தால் அதுவும் வரலாற்றுக்குச் செய்யும் செலவே.

வாக்குக் கேட்டு என் வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சிக்காரரானாலும் புதிய மணிமண்டபம் எதுவும் நான் கேட்கப்போவதில்லை. மாவட்டத்தில் உள்ள பழைய கட்டடங்களின் பட்டியலைத் தயாரித்து, நூறு ரூபாய் கட்டுமானத்துக்கு ஒதுக்கினால் பத்து ரூபாயாவது ஆண்டுதோறும் பராமரிப்புக்கு என்று தனியே எழுதிவைக்கச் சட்டமன்றத்தில் கேட்பாரா என்றுதான் கேட்பேன். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை, செடி பிடுங்கி மாடி வடிகாலைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பணி மேற்பார்வையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.