காலைப் புகையைக் காலையில்தான் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தன் டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை கக்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். 'இன்ஜெக்டரைச் சர்வீஸ் செய்யவும்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. படித்ததும் மனசு கேட்கவில்லை. இதே ஒரு வரியை நம்பி, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை அதே புகைக்கு நடுவில் நின்றவன் நான்.

என் வேன் செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்காது. பிடித்தாலும் ஒரு நிமிஷம் மிஸ்ஸிங்கில் குலுங்கும், சைலன்சரிலிருந்து கண்ணை எரிக்கிற டீசல் நெடியோடு வெள்ளையாகப் புகை வரும். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டால் ஒன்றுமே இருக்காது. சிக்கலே இங்கேதான். நாம் வண்டியை ஓட்டிக்கொண்டுதானே பட்டறைக்குப் போகிறோம், போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிப் புகையும் நின்றுவிடும், அப்புறம் நாம் வாயால் சொல்வதை வைத்து மெக்கானிக் ஊகிக்க வேண்டியதுதான். அப்படி ஊகித்ததில் என் வண்டியில் இன்ஜெக்டர் கழன்றது.

அடுத்து நான் போன மெக்கானிக், "ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க, காலையில நீங்களும் வாங்க" என்றார். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, குளிர்ந்த இன்ஜினுக்குள் சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றினார், டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தார். முதல் பிளக்கில் விளக்கு எரிந்தது, இரண்டாவதில் எரியவில்லை, மூன்றாவதில் எரிந்தது, நாலாவதில் இல்லை. நாலில் இரண்டு பிளக் செத்துக் கிடந்திருக்கிறது. டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான சுருள் விளக்கு வந்து அணைகிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன், ஆனால் நிறைய வண்டிகளில் அந்த விளக்கு நேரக் கணக்குக்கு அணைவதுதான், உள்ளே பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்து இருபது மடங்கு அமுக்குவதில் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும், அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். சூடு போதாத சிலிண்டரில் டீசல் எரியாமல் ஆவியாக வெளியே வரும், நமக்கு அது வெள்ளைப் புகை. பிளக், அதன் ரிலே, ஃபியூஸ், பேட்டரி இறங்கி இன்ஜின் மெதுவாகச் சுற்றுவது, ரிங்கோ வால்வோ தேய்ந்து கம்ப்ரஷன் குறைவது, டீசல் பீச்சும் டைமிங் பிந்துவது, சொட்டும் இன்ஜெக்டர், எல்லாமே ஒரே புகையைத்தான் தரும். இத்தனை பேரில் இன்ஜெக்டரை மட்டும் எடுத்த எடுப்பில் பிடிப்பது என்ன நியாயம்?

எந்தச் சிலிண்டர் என்று பிடிக்கவும் வழி இருக்கிறது. ஸ்டார்ட் ஆன அரை நிமிஷத்தில், தொடாமல் வெப்பம் காட்டும் தெர்மாமீட்டரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாயிலும் காட்டினால், எரியாத சிலிண்டரின் வாய் மற்றதைவிடக் குளிர்ந்திருக்கும். பழைய பம்ப் வண்டியில் இன்ஜெக்டருக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதில் இன்ஜின் ஓட்டம் மாறவில்லை என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் தயவுசெய்து யாரும் கை வைக்காதீர்கள். அதில் ஐடிலிலேயே சில நூறு பார் அழுத்தம் இருக்கும், பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

வாடையும் முக்கியம். வெள்ளைப் புகையில் டீசல் நெடிக்குப் பதில் இனிப்பு வாடை அடித்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் அது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் அல்லது இன்ஜினுக்குத் திரும்பப் போகும் எக்ஸாஸ்ட் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர், அதோடு வண்டியை ஓட்டவே கூடாது. வாடையே இல்லாமல் மெல்லிசாக வந்து காற்றில் உடனே கரைவது வெறும் நீராவி, குளிர் நேரத்தில் எந்த வண்டியிலும் வரும். நீலமாக ஒரே ஒரு குபீர் வந்து நின்றால், ராத்திரி வால்வ் சீல் வழியாக இறங்கிய ஆயில். நீலம் நிற்காமல் ஆக்சிலரேட்டரோடு கூடினால் ரிங் அல்லது டர்போ. கறுப்பு என்றால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

இதில் பாதியை வண்டிக்காரரே பார்த்துவிடலாம். ஸ்டார்ட் செய்யும்போது வேறு ஒருவரைப் பின்னால் நிறுத்திச் செல்போனில் முதல் இரண்டு நிமிஷத்தை வீடியோ எடுத்து வைத்தாலே மெக்கானிக்குக் கண்ணால் பார்த்த மாதிரி.

என் வண்டியில் செத்த இரண்டோடு மற்ற இரண்டையும் சேர்த்து நாலு பிளக்கையும் மாற்றினோம், அடுத்த காலை முதல் அடியிலேயே பிடித்தது. அந்த வாசகர் இன்னும் இன்ஜெக்டரைக் கழற்றாமல் இருந்தால், அவர் வண்டியில் ஹீட்டர் பிளக் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லி அடுத்த இதழிலேயே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வேன் ஓட்டும் ஒரு வாசகர்