நினைவகம் வேறு, சேமிப்பிடம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், 'நினைவகம் குறைவாக உள்ளது' என்ற எச்சரிக்கை அடிக்கடி வருகிறதே, என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழைய படங்களையும் வீடியோக்களையும் அழித்து இடம் உண்டாக்குங்கள் என்று பதில் தந்திருந்தீர்கள். இதே எச்சரிக்கைக்குப் பயந்து அதே காரியத்தைச் செய்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்றும் வீட்டில் 4 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் இடம்) உள்ள விண்டோஸ் கணினியில் மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் மாலை முந்நூறு பக்க நூல் ஒன்று திறந்திருந்தபோது, நினைவகம் குறைந்துவிட்டது, கோப்புகளைச் சேமித்துவிட்டு நிரல்களை மூடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். அன்று இரவே உட்கார்ந்து 40 ஜிபி அளவுக்குப் படங்களையும் வீடியோக்களையும் அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். மறுநாள் மதியம் அதே எச்சரிக்கை மறுபடியும் வந்தது. அழித்த படங்களில் பாதி மகளின் கைப்பேசியில் கிடைத்தன. பேரன் முதன்முதலாக எழுந்து நடந்த வீடியோ எங்கேயும் கிடைக்கவில்லை.

அப்புறம் ரேமைக் காலி செய்து தருவதாகச் சொல்லும், இலவசமாகக் கிடைத்த 'ரேம் கிளீனர்' நிரல் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் எண் சடாரென்று குறையும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அடுத்த நிமிடம் எந்தச் சாளரத்துக்குப் போனாலும் கணினி திணறும். திறந்திருக்கும் நிரல்களுக்கு வேண்டியதை அது வலுக்கட்டாயமாக ரேமிலிருந்து வெளியே தள்ளுகிறது, கணினி அதையெல்லாம் திரும்பவும் டிஸ்கிலிருந்து எடுத்து வர வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தம்பி மகள் வந்தபோது, "அத்தை, இது போட்டோ வைக்க இடமில்லைன்னு சொல்லலை, இப்ப ஓடிட்டிருக்கிறதுக்கு இடமில்லைன்னு சொல்லுது" என்றாள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கியதும் அதிகம் விழுங்குவது எது என்று வரிசையாக நின்றது. உலாவிதான் முதலில். நான் இருபத்து மூன்று பக்கங்களைத் திறந்து வைத்திருந்தேன். பார்க்காத பக்கமும் திறந்திருக்கும் வரை இடம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது.

உண்மையான காரணம் இன்னும் உள்ளே இருந்தது. ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் ஒரு பகுதியைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் பேஜ் ஃபைல். ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம்தான் எல்லை. நிரல்கள் கேட்டு வாங்கிய அளவு அந்த எல்லையை நெருங்கும்போதுதான் இந்த எச்சரிக்கை வருகிறது. முன்பு கணினியைப் பழுதுபார்த்த ஒருவர், வேகம் கூடும் என்று சொல்லி பேஜ் ஃபைலை நிறுத்தி வைத்திருந்தார். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'கமிட்டட்' என்ற இடத்தில் 3.7/3.9 என்று காட்டியது, அதாவது 3.9 ஜிபி எல்லையில் 3.7 ஜிபியை நிரல்கள் வாங்கிவிட்டன. விர்ச்சுவல் மெமரி அமைப்பில் பேஜ் ஃபைல் அளவைக் கணினியே பார்த்துக்கொள்ளட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்தோம். எல்லை 6 ஜிபியைத் தாண்டியது. எச்சரிக்கை நின்றது. டிஸ்க் ரேமை விட மிகவும் மெதுவானது என்பதால் வேகம் மட்டும் கூடவில்லை. கணினியில் ரேம் செருகும் காலி ஸ்லாட் இருந்ததால், பழையது டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று சரிபார்த்து இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டபின்தான் அதுவும் சரியானது. சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் கூட்ட முடியாது.

விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் அடியோடு நிரம்பியிருந்தால் பேஜ் ஃபைல் வளர இடமிருக்காது. அப்போது கோப்புகளை நீக்குவது உதவும். ஆகவே தங்கள் பதில் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை முதலில் பார்த்துவிட்டல்லவா அழிக்கச் சொல்ல வேண்டும்? அழிப்பதற்கு முன் இன்னொரு டிஸ்கில் படி எடுத்து வைக்கவும் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. தினமும் ஷட்டவுன் செய்தாலே நினைவகம் காலியாகி எல்லாம் புதிதாகத் தொடங்கிவிடும் என்று இருந்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கும் கணினியில், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்பகுதி அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் திரும்ப ஏற்றப்படுகிறது. முழுக்கப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

ஒரே சொல் இரண்டு பொருள் தந்தால் நாங்கள் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்புவோம். 'நினைவகம்' அப்படித்தான் ஆகிவிட்டது. ரேமுக்கும் அதுவே, ஹார்ட் டிஸ்குக்கும் அதுவே, கைப்பேசியில் போடும் அட்டைக்கும் அதுவே. ரேமை ரேம் என்றோ நினைவகம் என்றோ எழுதுங்கள். படங்கள் இருக்கும் இடத்தைச் சேமிப்பிடம் என்றே எப்போதும் எழுதுங்கள்.

கேள்வி கேட்ட அந்த வாசகர் இன்னும் எதையும் அழித்திருக்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது. திருத்தத்தை இந்த வாரப் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்