நாலு ஆட்டம் ஆடினாய் மகன், அதைச் சொல்

அன்புள்ள மகனுக்கு,

வெள்ளிக்கிழமை நீ டோஹாவிலிருந்து வீடியோ கோலில் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்த பொடியன் "அண்ணன் கிரிக்கெட் ஆடுவாரோ?" என்று கேட்டான். நீ "சும்மா, சின்ன வயசில் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிட்டாய். அம்மா கவனிக்கவில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. போனில் சொன்னால் "சரி அப்பா, விடுங்க" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சும்மா இல்லை மனே. கொழும்புக் கழகம் ஒன்றுக்காக 4 முதல்தரப் போட்டி ஆடி 11 விக்கெட் எடுத்தவன் நீ. விடிய முன்னம் உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்கு வருவேன், நீ ஒற்றை ஸ்டம்பை நட்டுவிட்டு வெயில் ஏறும்வரைக்கும் பந்து போடுவாய், நான் ஓடியோடிப் பொறுக்கித் தருவேன். எட்டு வருசம். அதைச் "சும்மா" என்றால் நான் பொறுக்கின பந்தெல்லாம் என்ன கணக்கு?

22 வயதில் முதுகு போனது. அப்போது உன்னோடு இருந்த பயிற்றுநர் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பந்து போடச் சொன்னார், நானும் பெரிய இடத்து ஆள் சொல்கிறார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. பிறகு டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளங்கப்படுத்தினாரே, வலக்கையால் வேகமாகப் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கீழ் முதுகின் இடப்பக்கத்தில்தான் வெடிப்பு வரும், முன்கால் நிலத்தில் விழுகிற ஒவ்வொரு தடவையும் உடம்பு நிறையைப் போலப் பல மடங்கு பாரம் ஏறுகிறது, எலும்பு ஆற நேரம் கொடுக்காமல் போட்டால் வெடிக்காமல் என்ன செய்யும் என்று. நீ சோம்பேறியாக இருந்து தோற்கவில்லை. எலும்பு தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இலங்கைக்கு ஆடின ஸ்ரீதரன் ஜெகநாதனை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இடக்கைச் சுழல். 1983இல் நியூசிலாந்தில் 2 டெஸ்ட் ஆடினார், அதோடு டெஸ்ட் முடிந்தது. ஒருநாள் போட்டியும் 5தான். 1987 உலகக் கிண்ண அணியில் இருந்தார், அப்புறம் மலேசியாவுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார். 1996இல் நாம் கிண்ணம் வென்று இரண்டு மாதத்தில், 44 வயதில் இறந்துபோனார். நாடே கிண்ணத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. அதே நியூசிலாந்துப் பயணத்தில் தொடங்கினவர்தான் வேகப்பந்து வீச்சாளர் வினோதன் ஜோன், 6 டெஸ்ட், 28 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 22 ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. இன்றைக்குப் பொடியன்களிடம் கேட்டால் பெயரே தெரியாது. மேற்கிந்தியத் தீவுகளின் அன்டி கன்டோம் 1948இல் ஒரேயொரு டெஸ்ட் ஆடினார், ஒரே இன்னிங்ஸ், 112 ஓட்டம். மெதுவாக ஆடினார் என்று சொல்லி விட்டுவிட்டார்கள், பிறகு டெஸ்டுக்குக் கூப்பிடவேயில்லை. துடுப்பாட்டத்தில் எல்லாருக்கும் மேலே வைத்துச் சொல்கிற பிரட்மனின் டெஸ்ட் சராசரியே 99.94, இவருடையது 112. அந்த மனிதர் 95 வயதுவரைக்கும் இருந்தார். அந்த ஒரு நாளைச் "சும்மா" என்று அவர் சொல்லியிருக்க வேண்டுமா?

தூரத்துக்குப் போவானேன், உன் பெரியப்பாவைப் பார். வடமோடிக் கூத்தில் கர்ணனுக்கு ஆடினார். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம், அதாவது அவரவர் பாட்டு எழுதின ஏடு, கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்கில் பழகினார்கள், சதங்கை அணிந்து, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, கடைசியில் அரங்கேற்றம். வட்டக்களரியில் விடிய விடிய ஆடினார். நான் களரி ஓரத்தில் மணலில் இருந்து பார்த்தேன், மத்தளச் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. அடுத்த வருசம் 1990, யுத்தத்தில் ஊர் இருந்த நிலை உனக்குத் தெரியும். அண்ணாவியார் ஒரு பக்கம், ஆடினவர்கள் ஒரு பக்கம் என்று சிதறிப்போனார்கள். பெரியப்பா பிறகு ஆடவே இல்லை. அப்படியும் இன்றைக்கு அவர் மீன் வாங்கப் போனால் "கர்ணன் வாறார்" என்றுதான் கிழவர்கள் சொல்கிறார்கள். எத்தனை இரவு ஆடினாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவரும் வெட்கப்பட்டதில்லை, சால்வையைத் தோளில் போடும்போதே தெரியும்.

உன் கழகத்து ஜேர்சி அலுமாரியில்தான் இருக்கிறது. இலக்கம் கொஞ்சம் உரிந்துவிட்டது. அம்மா மடித்து நப்தலீன் உருண்டை போட்டு வைத்திருக்கிறா. யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்னொரு விசயம். பின்வளவு வீட்டுப் பொடியன் இப்போது கடின பந்து போடுகிறான், 16 வயது, நல்ல வேகம். ஒரு மாதமாகக் குனிந்து எழும்பும்போது இடுப்பைப் பிடிக்கிறான், வலது கைக்காரன், நோவு இடப்பக்கம். பாடசாலையில் அடுத்த கிழமை போட்டி, போட்டே ஆக வேண்டும் என்கிறார்களாம். அவனுடைய தாய்க்கு நான் சொன்னேன், வெறும் தசைப்பிடிப்பு என்கிறா. நான் சொன்னால் கிழவன் கதை. நீ சொன்னால் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனை நம்ம வீட்டில் கொண்டுவந்து இருத்தி வைக்கிறேன், கோல் எடு. நீ யார் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். 4 போட்டி, 11 விக்கெட்.

அன்புடன்
அப்பா