மாதிரி டாங்கியில் சிமரிட் பூச்சு

ஐயா,

விடுமுறையில் 1/35 அளவு பிளாஸ்டிக் மாதிரி ஜெர்மன் டாங்கி ஒட்டும் நெல்லைப் பிள்ளைகள் சறுக்குவது, இரண்டாம் உலகப் போரில் அந்த டாங்கிகளின் மேல் பூசிய 'சிமரிட்' பூச்சில்தான். அது காந்தத்தை விரட்டும் மருந்தல்ல. பேரியம் சல்பேட், பசை, மரத்தூள் கலந்த சாந்து. எதிரி வைக்கும் காந்தக் குண்டு டாங்கியின் இரும்பில் நேராக ஒட்டாதபடி இடைவெளி வைக்கும், அவ்வளவே. 1943 பிற்பகுதி முதல் 1944 செப்டம்பர் வரைதான் ஆலைகளில் பூசினார்கள்.

நிஜத்தில் 5 மி.மீ. கனம் என்றால் மாதிரியில் 0.15 மி.மீ.கூட வராது. பலர் கொத்தனார் சுவர் பூசுவது போல அப்பிவிடுகிறார்கள்!

மாதிரியில் பூச, ஹார்டுவேர் கடையில் இரண்டு பகுதியாக வரும் எபாக்ஸி புட்டி போதும். டியூப் புட்டி காயும்போது சுருங்கும். பிளாஸ்டிக்கைப் பாத்திர சோப்பால் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள்; எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பூச்சு பாளம் பாளமாக உரியும். இரண்டு பகுதியையும் சம அளவில், நிறம் ஒன்றாகும்வரை பிசையுங்கள். அளவு பிசகினால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். பாளையங்கோட்டை வெயிலில் சீக்கிரம் இறுகும். ஒரு தடவைக்கு டாங்கியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பிசையுங்கள்.

ஈர விரலால் பரப்பி, சின்ன ரம்பப் பிளேடின் பல்லைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வரிசையாக அழுத்துங்கள். பிளேடு காய்ந்தால் புட்டி கூடவே பெயர்ந்து வரும். வரிகள் கொஞ்சம் கோணினால் நல்லதே, நிஜத்திலும் கைவேலைதான். பாதி இறுகியதும் ஓரங்களில் ஊசியால் சில சில்லுகளைப் பெயர்த்து, அங்கே செங்காவி பிரைமர் (அடிப்பூச்சு) நிறம் வையுங்கள். சக்கரத்தில் பூச வேண்டாம்.

மாதிரி வண்டி ஆர்வலர்கள்,
பாளையங்கோட்டை